எழுபது வயது ஆளுங்கட்சி

1955 நவம்பர் 15. டோக்கியோவின் கண்டா பகுதியில், சூவோ பல்கலைக்கழக அரங்கில் இரண்டு கட்சிகள் தங்களைக் கலைத்துக்கொண்டு ஒரே கட்சியாயின. ஷிகெரு யோஷிடா ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த லிபரல் கட்சி ஒன்று. அவரைக் கவிழ்த்துப் பிரதமரான இச்சிரோ ஹத்தோயாமாவின் ஜப்பான் ஜனநாயகக் கட்சி மற்றொன்று. பிறந்த குழந்தைக்கு லிபரல் ஜனநாயகக் கட்சி என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியர் சுருக்கமாக ஜிமின்டோ என்பார்கள். ஒருவரையொருவர் நம்பாதவர்கள் கூடியிருந்த அந்த அரங்கில் ஒரு தலைவரைக்கூட முடிவுசெய்ய இயலவில்லை. நான்கு பேர் கொண்ட குழு ஒன்று தலைவர் இடத்தில் அமர்த்தப்பட்டது. முதல் தலைவராக ஹத்தோயாமா வருவதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் ஆகிவிட்டது.

2025 நவம்பரோடு அந்தக் கட்சிக்கு எழுபது வயது நிறைந்தது. இதில் அது ஆட்சிக்கு வெளியே இருந்த காலம் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல். 1993ல் பதினோரு மாதம்கூட நிறையாத ஓர் இடைவெளி, பிறகு 2009 முதல் 2012 வரை மூன்றேகால் ஆண்டு, அவ்வளவே. தேர்தல் ஒழுங்காக நடக்கும், பத்திரிகைகள் அஞ்சாமல் எழுதும், நீதிமன்றம் முன்னாள் பிரதமரையே தண்டிக்கும் ஒரு நாட்டில் இது நடந்திருக்கிறது. ஜப்பானியர் அடங்கிப்போகிறவர்கள் என்று காரணம் சொல்வது சுலபம். 1960ல் டோக்கியோ தெருக்களில் நடந்ததை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எதிர்க்கட்சி கேட்டதைத் தானே செய்துகொடுத்தும், மக்கள் முகம் சுளித்தபோதெல்லாம் தலைவரை மாற்றியும்தான் இந்தக் கட்சி பிழைத்தது என்பது என் கணிப்பு. இப்படி எதையும் மாற்றிக்கொள்ளத் தெரிந்த கட்சிக்கு ஒன்றை மட்டும் விடத் தெரியவில்லை. அது பணம்.

ஒப்படைத்துவிட்டுப் போன நாற்காலி

இந்தக் கட்சியின் வேர் போரில் தோற்ற ஜப்பானில் இருக்கிறது. ஜெனரல் டக்ளஸ் மக்கார்தரின் தலைமையகம் நாட்டை ஆண்டுகொண்டிருந்த நாட்கள் அவை. 1946 ஏப்ரல் 10 தேர்தலில் ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 39 பெண்கள் வென்றார்கள். அதிக இடங்களைப் பிடித்தது ஹத்தோயாமாவின் லிபரல் கட்சி. பிரதமர் பதவி கைக்கு வரும் நேரத்தில், போருக்கு முந்தைய அவரது நடவடிக்கைகளைக் காட்டி, பொதுவாழ்விலிருந்தே அவரை விலக்கி உத்தரவிட்டது மக்கார்தர் தலைமையகம். வெளியுறவு அமைச்சராக இருந்த யோஷிடாவிடம் கட்சியை ஒப்படைத்துவிட்டு ஹத்தோயாமா ஒதுங்கினார்.

யோஷிடா தூதரகப் பணியில் இருந்தவர், பிடிவாதக்காரர். ராணுவப் பாதுகாப்பை அமெரிக்காவிடம் விட்டுவிட்டு, நாட்டின் சக்தி முழுவதையும் தொழில் வளர்ச்சியில் செலுத்துவது என்ற பாதையைப் போட்டவர் அவர்தான். 1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையிலும், அதே நாளில் அமெரிக்காவோடு பாதுகாப்பு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டார். ஹயாட்டோ இக்கெடா, எய்சாக்கு சாடோ போன்ற அரசு உயர் அதிகாரிகளை அரசியலுக்குக் கொண்டுவந்து தன் அணியாக வளர்த்தார். 1951ல் ஹத்தோயாமா மீதான தடை நீங்கியது. ஆனால் அதற்குச் சற்று முன்பு பக்கவாதம் அவரைத் தாக்கியிருந்தது. யோஷிடாவும் நாற்காலியை விடவில்லை. 1953ல் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்ட சோஷலிஸ்ட் உறுப்பினரைப் பார்த்து, "முட்டாள்" என்று பொருள்படும் ஜப்பானிய வசவு ஒன்றை யோஷிடா முணுமுணுக்க, அது அவையைக் கலைக்கும் வரை போனது. 1954 டிசம்பரில் அவர் வீழ்ந்தார், ஹத்தோயாமா பிரதமரானார். அந்த வன்மம் மறுதலைமுறைக்கும் தொடர்ந்தது.

இப்படிப்பட்டவர்களை ஒன்றுசேர்த்தது பயம். 1955 அக்டோபரில் இடது, வலது எனப் பிரிந்துகிடந்த சோஷலிஸ்டுகள் இணைந்தார்கள். எங்கே ஆட்சியைப் பிடித்துவிடுவார்களோ என்று பெருந்தொழிலதிபர்கள் பதறினார்கள், பழமைவாதிகளை ஒன்றாகும்படி நெருக்கினார்கள். அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. 1950களின் இறுதியிலும் 60களிலும் ஜப்பானியப் பழமைவாத அரசியல்வாதிகள் சிலருக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததை அமெரிக்க வெளியுறவுத் துறை 2006ல் தானே வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பணத்தோடு இந்தக் கட்சிக்கு இருந்த உறவு அவ்வளவு பழையது.

புதிய கட்சிக்குக் கீழவையில் 467ல் 299 இடங்கள் இருந்தன. கட்சி தொடங்கியபோது எழுதிய ஆறு அம்சத் திட்டத்தில் கடைசி அம்சம், நடப்பு அரசியல் சட்டத்தை ஜப்பானியர் தாங்களாகவே திருத்தியமைப்பது. போரை நிரந்தரமாகத் துறக்கும் ஒன்பதாவது பிரிவைக் கொண்ட அந்தச் சட்டம், அமெரிக்கர் தங்கள் மீது திணித்தது என்பது அவர்களின் மனக்குறை. திருத்த வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதன் பிறகு மக்கள் வாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இடங்களை சோஷலிஸ்டுகளும் அவர்களைச் சார்ந்தவர்களும் கையில் வைத்திருந்தார்கள். கதவு அங்கேயே சாத்திக்கொண்டது.

ஏழு வாக்கில் வந்தவர்

1956 டிசம்பரில் நடந்த முதல் போட்டித் தலைவர் தேர்தலில் தான்சான் இஷிபாஷி 258 வாக்குகளும் நோபுசுகே கிஷி 251 வாக்குகளும் பெற்றார்கள். இக்கட்சி கண்ட தலைவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இஷிபாஷிதான். போருக்கு முன்பு பொருளாதாரப் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது, கொரியாவும் தைவானும் மஞ்சூரியாவும் நமக்கு வேண்டாம், வணிகம் செய்தே வாழலாம் என்று துணிந்து எழுதியவர். பிரதமரான சில வாரங்களிலேயே நோயில் விழுந்தார். நாடாளுமன்றத்துக்கு வர முடியாத பிரதமர் பதவியில் நீடிக்கக்கூடாது என்று முன்பு அவர் பிறரைப் பற்றி எழுதியிருந்தார். அதே அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொண்டு இரண்டு மாதங்களில் விலகினார். அவர் உடல் ஒத்துழைத்திருந்தால் ஜிமின்டோவின் முகமே வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வந்தவர் கிஷி. 1941ல் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட டோஜோ அமைச்சரவையின் வர்த்தக, தொழில் அமைச்சர். போர்க்குற்றச் சந்தேகத்தில் சுகாமோ சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்து, விசாரணையின்றி 1948 டிசம்பரில் விடுதலையானவர். எட்டு ஆண்டுகளில் அவர் பிரதமர் நாற்காலியில் இருந்தார். 1957 மே மாதம் டில்லிக்கு வந்தபோது நேரு அவரைப் பெரும் கூட்டத்தின் முன் நிறுத்தி வரவேற்றார். போரில் தோற்ற நாட்டின் பிரதமருக்குக் கிடைத்த அந்த மரியாதையைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டதை, 2007ல் நம் நாடாளுமன்றத்தில் பேசியபோது அவருடைய பேரன் ஷின்சோ அபே நினைவுகூர்ந்தார். ஜப்பான் தன் முதல் யென் கடனை 1958ல் கொடுத்ததும் இந்தியாவுக்குத்தான்.

கிஷியை வெறும் பிற்போக்குவாதி என்று ஒதுக்கினால் ஜிமின்டோ புரியாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தேசிய ஓய்வூதியச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்பதற்கும் அவர் ஆட்சியில்தான் சட்டம் ஆனது. அது 1961ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சோஷலிஸ்டுகளின் தேர்தல் அறிக்கையில் இருக்க வேண்டியவை பழமைவாதியின் கையெழுத்தில் வந்தன.

ஆனால் அவரை வீழ்த்தியது அமெரிக்க உடன்படிக்கை. அதைத் திருத்தி 1960 ஜனவரியில் வாஷிங்டனில் கையெழுத்திட்டார். மே 19 இரவு, நாடாளுமன்றத்தில் மறியல் செய்த சோஷலிஸ்ட் உறுப்பினர்களைப் போலீசை விட்டுத் தூக்கி வெளியேற்றிவிட்டு, நள்ளிரவு தாண்டித் தன் கட்சியினரை மட்டும் வைத்து ஒப்புதல் பெற்றார். இஷிபாஷியும், கட்சியின் இன்னொரு தலைவரான டேக்கியோ மிக்கியும் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. உடன்படிக்கையைப் பற்றிக் கவலைப்படாதவர்களும்கூட, ஜனநாயகம் போய்விட்டதே என்று தெருவுக்கு வந்தார்கள். லட்சக்கணக்கானோர் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். ஜூன் 15 மோதலில் மிச்சிகோ கன்பா என்ற 22 வயது பல்கலைக்கழக மாணவி இறந்தார். அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை ரத்தானது. உடன்படிக்கை தானாக நடைமுறைக்கு வரும் வரை காத்திருந்துவிட்டு கிஷி பதவி விலகினார். உடன்படிக்கையை அவர் காப்பாற்றிக்கொண்டார். அரசியல் சட்டத் திருத்தம் என்ற கனவை அந்தக் கூட்டம் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

வருமானம் இரண்டு மடங்கு

அடுத்து வந்த இக்கெடா செய்ததுதான் இந்தக் கட்சியின் உண்மையான இரண்டாம் பிறப்பு. அவர் அரசியல் சட்டம், ராணுவம் பற்றிய பேச்சை ஓரம்கட்டினார். பத்து ஆண்டில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்குவேன் என்றார். தெருவில் நின்ற கோபக்காரர்களிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்.

அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று, டோக்கியோ ஹிபியா பொது அரங்க மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் தலைவர் இனெஜிரோ அசனுமாவைப் பதினேழு வயது வலதுசாரி இளைஞன் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். சில நாட்களில் நாடாளுமன்றத்தில் இரங்கல் உரை ஆற்றியவர் இக்கெடா. ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்காகப் பேசி அலைந்த அந்த மனிதரை, எதிர்க்கட்சிக்காரர் என்ற எண்ணமே இல்லாமல் அவர் போற்றிய உரை, ஜப்பானிய நாடாளுமன்றத்தின் தலைசிறந்த பேச்சுகளில் ஒன்றாக இன்றும் சொல்லப்படுகிறது. நவம்பர் தேர்தலில் ஜிமின்டோ 296 இடங்களை வென்றது. கொந்தளிப்பு தொடங்கி அரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

வருமானம் பத்து ஆண்டுக்கு முன்பே இரட்டிப்பானது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுநாள், புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த இக்கெடா விலகல் முடிவை அறிவித்தார். அடுத்து வந்தவர் சாடோ. கிஷியின் சொந்தத் தம்பி, அண்ணன் தத்துப்போனதால் குடும்பப் பெயர் வேறு. ஏழரை ஆண்டுக்கு மேல் ஆண்டு, 1972 மே மாதத்தில் ஒகினாவாவை அமெரிக்காவிடமிருந்து மீட்டார். வளர்ச்சியின் நச்சுப்புகையும் அவர் காலத்தில் ஊரைச் சூழ்ந்திருந்தது. மினமாட்டாவில் பாதரசம் மக்களை முடமாக்கியது, யொக்கைச்சியில் மூச்சுத்திணறியது. எதிர்க்கட்சிகள் நகரங்களைப் பிடிக்கத் தொடங்கின. டோக்கியோவின் இடதுசாரி ஆளுநர் ரியோக்கிச்சி மினோபே முதியோருக்கு இலவச மருத்துவம் தந்தார். ஜிமின்டோ பார்த்தது. 1970 இறுதியில் ஒரே கூட்டத்தொடரில் மாசுக்கட்டுப்பாட்டுக்கு 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1973 ஜனவரியில் எழுபது வயது கடந்த அனைவருக்கும் நாடு முழுவதும் இலவச மருத்துவம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது.

ஒரே தொகுதியில் மூன்று பேர்

பணம் எங்கே நுழைந்தது என்பதை அறிய அன்றைய தேர்தல் முறையைப் பார்க்க வேண்டும். ஒரு தொகுதிக்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளருக்கு ஒரே வாக்கு. பெரும்பான்மை வேண்டும் என்றால் ஆளுங்கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். அவர்களுக்குள் கட்சியும் ஒன்று, கொள்கையும் ஒன்று. அப்படியானால் வாக்காளர் எதைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்? யார் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார், யார் சாவுக்கு மொய் அனுப்பினார், யார் பாலம் கட்டித்தந்தார் என்று பார்த்தார். ஒவ்வொரு உறுப்பினரும் கட்சியை நம்பாமல் தனக்கென்று ஓர் ஆதரவாளர் சங்கம் வளர்த்தார். அதற்குப் பணம் வேண்டும். பணத்துக்கு ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவருக்குப் பிரதமர் ஆக ஆள்பலம் வேண்டும். கோஷ்டிகள் இப்படி உருவாயின. ஒரு கோஷ்டித் தலைவர் பெயர் கெட்டால் இன்னொரு கோஷ்டித் தலைவர் பிரதமராவார். ஆட்சி மாறியது போன்ற நிறைவு மக்களுக்கு, ஆட்சி மாறாத நிம்மதி கட்சிக்கு.

இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம் நெல் விவசாயி. அரசு நல்ல விலைக்கு நெல்லை வாங்கியது, வெளிநாட்டு அரிசியை நாட்டுக்குள் விடவில்லை. வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் வாக்குகளைத் திரட்டித் தந்தன. கிராமத்து மக்கள் நகரத்துக்குப் போய்விட்ட பிறகும் தொகுதிகளைச் சரிவர மாற்றியமைக்கவில்லை. 1972 தேர்தலில் ஒரு கிராமத்து வாக்கின் மதிப்பு நகரத்து வாக்கைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வரை இருந்தது. அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1976ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் அந்தத் தேர்தலை அது ரத்து செய்யவில்லை.

நீகாட்டாவின் மகன்

இந்த முறையின் உச்சம் ககுயெய் தனகா. 1918ல் நீகாட்டாவின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. கட்டட ஒப்பந்தத் தொழில் செய்து முன்னேறியவர். மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் ஊர் அது. ஆண்கள் குளிர்காலத்தில் கூலி தேடி டோக்கியோவுக்குப் போவார்கள், பெண்களும் கிழவர்களும் பனியை வாரிக்கொண்டு வீட்டில் கிடப்பார்கள். மீக்குனி மலையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால் நீகாட்டாவில் பனியே விழாது, அந்த மண்ணைக் கடலில் கொட்டி சாடோ தீவை இணைத்துவிடலாம் என்று தொடக்க காலத் தேர்தல் மேடையில் அவர் பேசினார். நடக்காத காரியம் என்று கேட்டவர்களுக்கும் தெரியும். தங்கள் கஷ்டம் தெரிந்த ஒருவன் பேசுகிறான் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

தனகா வெறும் பேச்சாளர் அல்லர். தனிநபர் மசோதாவாக 33 சட்டங்களை நிறைவேற்றியவர். பெட்ரோல் வரியைச் சாலைக்கென்றே ஒதுக்கும் ஏற்பாடு அவருடைய மூளையில் உதித்தது. 39 வயதில் அஞ்சல் துறை அமைச்சர், 44 வயதில் நிதி அமைச்சர். 1972 ஜூலையில் 54 வயதில் பிரதமரானபோது நாடு அவரைக் கொண்டாடியது. செப்டம்பரிலேயே பெய்ஜிங் போய் சீனாவுடன் உறவை மீட்டார். ஜப்பானியத் தீவுகளை மறுசீரமைப்பது பற்றிய அவரது புத்தகம் அமோகமாக விற்றது. அதை நம்பி நிலத்தரகர்கள் நாடு முழுவதும் நிலம் வாங்கிக் குவிக்க, விலைகள் ஏறின. 1973ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1974ல் நுகர்வோர் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் புங்கெய் ஷுன்ஜூ மாத இதழில் தக்காஷி தாச்சிபானா எழுதிய கட்டுரை வந்தது. நிலப்பதிவேடுகளையும் நிறுவனக் கணக்குகளையும் பொறுமையாகத் திரட்டி, தனகாவின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று காட்டியது. டிசம்பரில் தனகா விலகினார். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எவரும் படிக்க வேண்டிய பாடம் அந்தக் கட்டுரை. 1976ல் அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீடிடம் 50 கோடி யென் வாங்கியதாகத் தனகா கைதானார். 1983 அக்டோபரில் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் வெளியே இருந்தவர் டிசம்பர் தேர்தலில் நின்றார். 2.2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைக் கொடுத்து ஜெயிக்கவைத்தது நீகாட்டா.

அந்த வாக்காளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1982ல் ஜோயெட்சு அதிவேக ரயில் அவர்கள் ஊருக்கு வந்தது. பனிக்காலத்தில் பிரசவ வலியெடுத்த பெண்ணை மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு ஓடிய கிராமங்களுக்குச் சுரங்கப்பாதை வந்தது. கொடுத்தவன் திருடனா என்று கேட்டால், இதற்கு முன் நேர்மையானவர்கள் எங்களுக்கு என்ன செய்தார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. உரிமையாக வரவேண்டிய சாலை, ஒருவருடைய தயவாக வந்தது. அந்தத் தயவுக்கு விலை வைக்கப்பட்டது.

கட்சியை விட்டு விலகியிருந்தபோதும் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கோஷ்டியைத் தனகா வைத்திருந்தார். ஒஹிரா, சுசூகி, நகசோனே என்று பிரதமர்களை உருவாக்கினார். 1985ல் பக்கவாதம் அவரைச் சாய்க்கும் வரை இது நடந்தது.

50 கோடிக்கு 2 லட்சம்

நகசோனே ரயில்வேயைத் தனியார்மயமாக்கினார், 1986 தேர்தலில் அள்ளிக்கொண்டு வந்தார். வீழ்ச்சி அதன் பிறகுதான் தொடங்கியது. ரெக்ரூட் நிறுவனம் தன் துணை நிறுவனப் பங்குகளைச் சந்தைக்கு வரும் முன்பே அரசியல்வாதிகளுக்குக் கொடுத்தது 1988ல் அம்பலமானது. 1989 ஏப்ரலில் 3 சதவீத நுகர்வு வரி வந்தது. கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மக்கள் கூடுதலாகக் காசு கொடுத்த அதே மாதங்களில், தலைவர்கள் உழைக்காமல் சம்பாதித்த கதைகள் பத்திரிகையில் வந்தன. ஜூலையில் மேலவைத் தேர்தலில் டக்காகோ டோய் என்ற பெண் தலைமையிலான சோஷலிஸ்டுகள் ஜிமின்டோவை முதன்முறையாகத் தோற்கடித்தார்கள்.

1992ல் தனகா கோஷ்டியின் வழிவந்த ஷின் கனெமாரு, சகாவா கியூபின் என்ற பார்சல் போக்குவரத்து நிறுவனத்திடம் 50 கோடி யென் வாங்கியதை ஒப்புக்கொண்டார். அவரை நேரில்கூட விசாரிக்காமல் 2 லட்சம் யென் அபராதத்தோடு விட்டார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகப் பெயர்ப்பலகை மீது ஒருவர் சாயத்தை வீசினார். நாட்டின் மனநிலை அதுதான். அடுத்த மார்ச்சில் வரி ஏய்ப்புக்காகக் கனெமாரு கைதானபோது தங்கக் கட்டிகள் கிடைத்தன.

1993 ஜூனில் இச்சிரோ ஒசாவா போன்றோர் கட்சிக்குள்ளிருந்தே கலகம் செய்ய, நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. தேர்தலில் ஜிமின்டோ 511ல் 223 இடங்கள் பெற்றது. பெரிய கட்சி அதுதான். ஆனால் மற்றவர்கள் சேர்ந்து மொரிஹிரோ ஹொசொகாவாவைப் பிரதமராக்கினார்கள். 38 ஆண்டு ஆட்சி முடிந்தது. புதிய அரசு பழைய தொகுதி முறையை ஒழித்தது. 300 ஒற்றை உறுப்பினர் தொகுதிகள், 200 விகிதாசார இடங்கள் என்று மாற்றியது.

பத்தரை மாதத்தில் ஜிமின்டோ திரும்பி வந்த விதம் அதன் குணத்தை முழுமையாகக் காட்டும். எந்த சோஷலிஸ்டுகளுக்குப் பயந்து பிறந்ததோ, அவர்களின் தலைவர் டொமீச்சி முராயாமாவை 1994 ஜூன் 30 அன்று பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் அமர்ந்தது. முராயாமா நல்ல மனிதர். போரில் ஜப்பான் செய்த கொடுமைகளுக்காக 1995 ஆகஸ்ட் 15ல் அவர் கேட்ட மன்னிப்பு வரலாற்றில் நிற்கிறது. ஆனால் பிரதமரானதும் ராணுவமும் அமெரிக்க உடன்படிக்கையும் சரியே என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவற்றை எதிர்ப்பதற்காகவே அவர்களுக்கு வாக்களித்தவர்கள் விலகிப்போனார்கள். 1993ல் 70 இடம் வைத்திருந்த கட்சி 1996ல் 15 இடமாகச் சுருங்கியது.

உடைப்பேன் என்று வந்தவர்

2001ல் ஜூனிச்சிரோ கொய்சுமி, மாறாவிட்டால் ஜிமின்டோவை உடைத்துவிடுவேன் என்று சொல்லியே ஜிமின்டோவின் தலைவரானார். 2005ல் அவருடைய அஞ்சல்துறைத் தனியார்மய மசோதா கீழவையில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் பிழைத்து, மேலவையில் சொந்தக் கட்சிக்காரர்களாலேயே தோற்றது. உடனே கீழவையைக் கலைத்தார். எதிர்த்து வாக்களித்தவர்களுக்கு டிக்கெட் இல்லை, அவர்கள் தொகுதியில் கட்சியே போட்டி வேட்பாளரை நிறுத்தியது. 480ல் 296 இடம். ஆளுங்கட்சியும் தானே, எதிர்க்கட்சியும் தானே என்று ஒரு கட்சி தேர்தலில் நின்று ஜெயித்ததை வேறெங்கும் காண்பது அரிது.

அவர் போனதும் ஆண்டுக்கு ஒரு பிரதமர். ஐந்து கோடி ஓய்வூதியப் பதிவுகள் யாருடையவை என்று தெரியாமல் கிடந்தது 2007ல் வெளிவந்தபோது முதியவர்களின் நம்பிக்கையும் போனது. 2009 ஆகஸ்ட் 30 அன்று, பெயரில் மட்டும் 1955ல் கலைந்த கட்சியை ஒத்த வேறொரு ஜப்பான் ஜனநாயகக் கட்சி 308 இடம், ஜிமின்டோ 119. தோற்ற பிரதமர் டாரோ அசோ, யோஷிடாவின் பேரன். வென்ற யுகியோ ஹத்தோயாமா, இச்சிரோவின் பேரன். தாத்தாக்கள் தொடங்கிய சண்டையைப் பேரன்கள் வாக்குப்பெட்டியில் முடித்தார்கள். இந்த ஹத்தோயாமாவும், அவருக்குப் பின்னிருந்த ஒசாவாவும், முன்பு ஹொசொகாவாவும் ஜிமின்டோவில் அரசியல் கற்றவர்கள். அந்த வீட்டை விட்டு வெளியேறியவர்களால் மட்டுமே அதைத் தோற்கடிக்க முடிந்தது என்பது ஜப்பானிய எதிர்க்கட்சிகள் வருந்த வேண்டிய உண்மை. அனுபவமில்லாத அந்த ஆட்சி உட்பூசலிலும் 2011 சுனாமி, ஃபுகுஷிமா அணுஉலை விபத்தின் சுமையிலும் தளர்ந்தது.

2012 டிசம்பரில் திரும்பி வந்த அபே, இரண்டு முறையும் சேர்த்து 3,188 நாட்கள் ஆண்டார். அந்நாட்டு வரலாற்றில் அவ்வளவு காலம் பிரதமராக இருந்தவர் வேறு யாரும் இல்லை. தாத்தா விட்டுச்சென்ற கனவை முடிப்பதே அவர் லட்சியம். 2014ல் ஒன்பதாவது பிரிவுக்கு அமைச்சரவை புது விளக்கம் கொடுத்தது, 2015ல் அதன்படி பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 2016ல் திருத்தத்தை ஆதரிப்பவர்களுக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. ஆனாலும் அவர் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகத் துணியவில்லை. 1999 முதல் கூட்டணியில் இருந்த, பௌத்த அமைப்பு ஒன்றின் ஆதரவு பெற்ற கொமெய்டோ கட்சி தயங்கியது. தோற்றுவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது என்ற அச்சமும் இருந்தது. வாக்களித்து ஆட்சியைக் கொடுத்த மக்கள், அரசியல் சட்டத்தில் கைவைக்கும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. ஜப்பானிய வாக்காளரின் விவேகமாகவே இதை நான் பார்க்கிறேன்.

2022 ஜூலை 8 அன்று நாராவில் தேர்தல் பிரசாரத்தில் அபே சுட்டுக்கொல்லப்பட்டார். யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குத் தன் தாய் சொத்தையெல்லாம் கொடுத்துக் குடும்பம் அழிந்தது என்பது கொலையாளி சொன்ன காரணம். எந்தக் காரணமும் அந்தக் கொலையை நியாயப்படுத்தாது. ஆனால் கட்சி தானே எடுத்த கணக்கில் 379 உறுப்பினர்களில் 179 பேருக்கு அந்த அமைப்போடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது தெரிந்தபோது, மக்கள் அதிர்ந்தது நியாயம்.

அரிசியும் ரசீதும்

2023 இறுதியில் பழைய நோய் திரும்பியது. கோஷ்டிகள் நிதி திரட்ட விருந்து நடத்திவந்தன. டிக்கெட் பெரும்பாலும் 20,000 யென். ஒவ்வொரு உறுப்பினரும் இத்தனை விற்க வேண்டும் என்று கணக்கு. அதற்கு மேல் விற்றால் அந்தப் பணம் கணக்கில் ஏறாமல் அவர் கைக்கே திரும்பியது. அபே கோஷ்டியில் மட்டும் ஐந்து ஆண்டில் சுமார் 67.5 கோடி யென் இப்படிப் போனது. இதை முதலில் தோண்டியது கம்யூனிஸ்ட் கட்சியின் அகாஹாட்டா பத்திரிகை. ஒரு சட்டப் பேராசிரியர் ஆவணங்களைச் சரிபார்த்துப் புகார் கொடுத்தார். ஒரு கடைக்காரர் ரசீதில் தவறு செய்தால் வரி அதிகாரி விடுவாரா என்று மக்கள் கேட்டார்கள். பிரதமர் ஃபூமியோ கிஷிடா தன் கோஷ்டியைக் கலைத்தார், பல கோஷ்டிகளும் கலைந்தன. 2024 அக்டோபர் 27 தேர்தலில் புதிய பிரதமர் ஷிகெரு இஷிபா தலைமையில் ஜிமின்டோ 191 இடமாக விழுந்தது. கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லை.

அதற்கு மேல் அரிசி. ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டி, ஓராண்டில் இரட்டிப்பானது. விலை விழாதிருக்க விளைச்சலைக் குறைத்துப் பழகிய பல பத்தாண்டுக் கொள்கைக்கு நகரத்துக் குடும்பங்கள் விலை கொடுத்தன. 2025 மே மாதத்தில் விவசாய அமைச்சர், தான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே நிறையக் கொடுத்துவிடுகிறார்கள் என்று பேசிப் பதவி இழந்தார். நெல்லால் வளர்ந்த கட்சிக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 20 மேலவைத் தேர்தலிலும் தோல்வி. வெளிநாட்டவரைக் குறைசொல்லி வளர்ந்த சன்செய்டோ கட்சி 14 இடம் வென்றது. அதிருப்தி எல்லாம் முற்போக்காகவே வரும் என்று நம்பியிருந்தவர்களை இது கவலைப்படவைக்க வேண்டும்.

அக்டோபர் 4 அன்று சனே தகாய்ச்சி கட்சித் தலைவரானார். அரசியல் வாரிசு அல்லர். நாராவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர், மார்கரெட் தாட்சரை முன்மாதிரியாகக் கொண்டவர், அபேயின் பாதையில் உறுதியானவர். முதல் பெண் உறுப்பினர்கள் 39 பேர் வென்ற 1946லிருந்து 79 ஆண்டுகள் கழித்து, அக்டோபர் 21ல் ஜப்பானுக்கு முதல் பெண் பிரதமர் கிடைத்தார். அதற்குள் கொமெய்டோ 26 ஆண்டு உறவை முறித்துக்கொண்டு போய்விட்டது. நிறுவன நன்கொடைகளுக்குக் கடிவாளம் போடும் கோரிக்கைக்குத் தகாய்ச்சி தெளிவான பதில் தரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒசாக்காவில் வேரூன்றிய இஷின் கட்சி ஆதரவு தந்தது. நன்கொடை விவகாரம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது.

1994 சீர்திருத்தத்தின்போது ஓர் ஒப்பந்தம் இருந்தது. நாட்டின் ஒவ்வொரு குடிமகன் பெயரிலும் ஆண்டுக்கு 250 யென் கணக்கிட்டு, மக்கள் வரிப்பணத்திலிருந்து கட்சிகளுக்கு அரசு கொடுக்கும். பதிலுக்கு, நிறுவனங்களிடம் கைநீட்டும் வழக்கத்தைக் கட்சிகள் படிப்படியாகக் கைவிட வேண்டும். தனிப்பட்ட அரசியல்வாதிக்கு நிறுவனங்கள் பணம் தருவது 2000ல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அந்த அரசியல்வாதியே தலைவராக இருக்கும் கட்சிக் கிளைக்குத் தரலாம் என்ற வழி திறந்தே விடப்பட்டது. மக்கள் தங்கள் பங்கைத் தவறாமல் கொடுத்துவருகிறார்கள். கட்சி தன் பங்கை நிறைவேற்றவில்லை. கோஷ்டிகளைக் கலைத்ததும், பெண் ஒருவரைப் பிரதமராக்கியதும் பெரிய காரியங்கள்தான். ஆனால் நிறுவன நன்கொடையை முற்றிலும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றும் வரை இந்தக் கட்சி திருந்தியதாகக் கொள்ள முடியாது.